குவாதலூப் தீவின் அருங்காட்சியகங்களும் பழைய கோட்டைகளும்: போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கரீபியன் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்குப் போய் வந்ததைச் சொன்னால், முதலில் கடற்கரை பற்றித்தான் கேட்கிறார்கள். "அங்கே மாரியம்மன் கோயில் இருக்கிறது" என்றதும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். அப்படித் திரும்பிய பிறகு வந்த கேள்விகள்தான் இவை.

முதலில், இந்தத் தீவு எங்கே இருக்கிறது? தனி நாடா?

தனி நாடு இல்லை. 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். யூரோ செல்லும், போலீஸ்காரர் பிரெஞ்சுச் சீருடையில் நிற்பார், ரொட்டிக் கடையில் பாரிஸில் கிடைக்கும் அதே நீளமான ரொட்டி கிடைக்கும். மக்கள் தொகை நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

வரைபடத்தில் பார்த்தால் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கும். இடது சிறகு பாஸ்-தேர், வலது சிறகு க்ராந்த்-தேர். பெயரை நம்பிப் போனால் குழம்பிவிடுவீர்கள். பாஸ்-தேர் என்றால் "தாழ்ந்த நிலம்" என்று பொருள், ஆனால் 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலை நிற்பது அங்கேதான். க்ராந்த்-தேர் என்றால் "பெரிய நிலம்", அதுதான் இரண்டில் சிறியது. மாலுமிகள் காற்று அடிக்கும் திசையைப் பார்த்து வைத்த பெயர், நிலத்தைப் பார்த்து வைத்ததில்லை. இந்தத் தீவில் பெயர்களை அப்படியே நம்பக் கூடாது. இன்னும் சில பெயர்கள் கீழே வரும்.

விசா எடுக்க வேண்டுமா? ஷெங்கன் விசா போதாதா?

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். குவாதலூப் பிரான்சைச் சேர்ந்ததுதான், ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் வராது. ஐரோப்பாவுக்கு மட்டும் கொடுத்த விசாவை வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. விண்ணப்பிக்கும்போதே கடல் கடந்த பிரெஞ்சுப் பகுதிக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். பாரிஸில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இது உள்நாட்டுப் பயணம் மாதிரிதான். ஓர்லி விமான நிலையத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும்.

எந்த மாதம் போகலாம்? எத்தனை நாள் வேண்டும்?

டிசம்பரிலிருந்து மே வரை மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். கோட்டைச் சுவர் மேல் நடப்பதற்கும் மலைப் பாதைக்கும் முதல் காலம்தான் சரி. கடற்கரையைக் கணக்கில் சேர்க்காமல் அருங்காட்சியகங்களையும் வரலாற்று இடங்களையும் மட்டும் பார்ப்பதென்றால் ஐந்து நாள் போதும். மூன்று நாளில் முடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் பாதி நேரத்தைச் சாலையில் கழிப்பார்கள். புவாண்ட்-ஆ-பித்ர் நகரைச் சுற்றி காலையிலும் மாலையிலும் நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் நம் ஊர் ஞாபகம் வந்துவிடும்.

மே 27 அடிமை முறை ஒழிப்பு நாள், தீவு முழுக்க விடுமுறை. அன்றைக்கு அருங்காட்சியகம் திறந்திருக்குமா என்று பார்ப்பதை விட, தெருவில் நடப்பதைப் பார்ப்பது மேல். கோ-கா மேளம் இரவு வரை கேட்கும். உப்பிட்ட இறைச்சி வந்த மரப்பீப்பாய்களில் தோலைக் கட்டி அடிமைகள் செய்த மேளம் அது. 2014-இல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்தது.

வாடகைக் கார் இல்லாமல் முடியுமா?

நகரத்துக்குள் முடியும். வெளியே கஷ்டம். பேருந்துகள் ஓடுகின்றன, ஆனால் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையும் நம்ப முடியாது. வண்டி வலது பக்கம் ஓட்ட வேண்டும். புவாண்ட்-ஆ-பித்ரிலிருந்து தெற்கே பாஸ்-தேர் நகரம் வரை போகும் நெடுஞ்சாலை ஒன்று இருக்கிறது. கபெஸ்தேர், த்ருவா-ரிவியேர், பாஸ்-தேர் மூன்றும் வரிசையாக அதிலேயே வந்துவிடும். அந்த ஒரு நாளுக்காவது கார் எடுங்கள்.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால்?

மெமோரியல் ஆக்ட். சந்தேகமே வேண்டாம்.

புவாண்ட்-ஆ-பித்ர் துறைமுகத்தின் ஓரத்தில், தார்பூஸியே கரும்பாலை இருந்த அதே நிலத்தில் கட்டியிருக்கிறார்கள். 1869-இல் தொடங்கிய ஆலை அது. ஒரு காலத்தில் தீவின் மிகப் பெரிய சர்க்கரை ஆலையாக இருந்து, 1980-இல் மூடப்பட்டது. அடிமை வணிகத்தையும் அடிமை முறையையும் பற்றிய இந்த நினைவகத்தை 2015 மே 10 அன்று அப்போதைய பிரெஞ்சு அதிபர் ஃபிரான்சுவா ஒல்லாந்த் திறந்து வைத்தார்.

உள்ளே போகும் முன் வெளியே ஐந்து நிமிடம் நில்லுங்கள். கறுப்புப் பெட்டி மாதிரி ஒரு கட்டடம். அதன் மேலே வெள்ளி நிறத்தில் பின்னிப் பிணைந்த கம்பி வலை. அழகுக்குப் போட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அது வேர். இந்தத் தீவில் சபிக்கப்பட்ட அத்தி என்று ஒரு மரத்தைச் சொல்வார்கள். நம் ஊர்க் கோபுரத்தில் பறவை எச்சத்திலிருந்து முளைக்கும் ஆலஞ்செடியின் உறவுக்காரன். இடிந்த சுவரைப் பிடித்துக்கொண்டு வளர்ந்து, கடைசியில் சுவரைத் தன் வேரால் மூடிவிடும். பெத்தி-கனால் என்ற ஊரில் அடிமைகளை அடைத்து வைத்த பழைய சிறை இருக்கிறது. அங்கே கூரை போய்விட்டது, சன்னல் வழியாக வேர் இறங்கி நிற்கிறது. சிறையை மரம் தின்றதா, சிறை விழாமல் மரம் தாங்குகிறதா என்று சொல்ல முடியாது. அந்த மரத்தைப் பார்த்துவிட்டு வந்து இந்தக் கட்டடத்தைப் பார்த்தால் கம்பி வலை வேறு மாதிரித் தெரியும். முடிந்தால் அந்த வரிசையிலேயே போங்கள்.

நிரந்தரக் கண்காட்சியை ஆறு "தீவுக்கூட்டங்கள்", அவற்றுக்குள் 39 "தீவுகள்" என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பழங்கால அடிமை முறையில் தொடங்கி இன்று வரை வருகிறது. ஒலி வழிகாட்டிக் கருவி இல்லாமல் நடந்தால் பாதி விளங்காது, ஆங்கிலத்திலும் கிடைக்கும். இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். முடித்துவிட்டு, உயரமான நடைபாலம் வழியாகப் பக்கத்துக் குன்றுத் தோட்டத்துக்குப் போகலாம். உள்ளே பார்த்ததெல்லாம் கொஞ்சம் அடங்கிய பிறகு அங்கிருந்து துறைமுகத்தைப் பார்க்க வேண்டும்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

பத்து வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. சங்கிலிகளும், கப்பலில் மனிதர்களை அடுக்கிய விதமும் காட்டப்படும் இடம் அது. நான் போன அன்று ஒரு சிறுமி தன் பாட்டியிடம் ஏதோ ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தாள், பாட்டி பதில் சொல்லாமல் கையைப் பிடித்து அடுத்த அறைக்கு நடத்தினார். சின்னக் குழந்தைகள் என்றால் கோட்டைகளுக்குப் போங்கள். ஓட இடம் இருக்கிறது, பச்சோந்தி மாதிரி இருக்கும் இகுவானாவும் சில இடங்களில் கண்ணில் படும்.

எந்த நாளில் எது மூடியிருக்கும்? நேரம் எப்படி?

திங்கட்கிழமையை நம்பி எதுவும் வைக்காதீர்கள். மெமோரியல் ஆக்ட் உட்பட பல இடங்கள் அன்று விடுமுறை. மதியம் இரண்டு மணி நேரம் மூடும் பழக்கம் சிறு ஊர்களில் இன்னும் உண்டு. அப்புறம், பழுதுபார்ப்பு. ஈரக் காற்றும் உப்பும் கரையானும் உள்ள ஊர் என்பதால் ஏதாவது ஒரு அருங்காட்சியகம் எப்போதும் மராமத்தில் இருக்கும், சில வருடக்கணக்கில். ஒருமுறை நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் போய், பூட்டிய கேட்டையும் அதில் ஒட்டியிருந்த மழையில் கரைந்த அறிவிப்பையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதனால் கிளம்பும் அன்று காலையிலேயே போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

பிரான்சில் செப்டம்பர் மூன்றாவது வார இறுதி ஐரோப்பியப் பாரம்பரிய நாட்கள். பிரான்ஸ் என்பதால் இங்கேயும் உண்டு. வழக்கமாக மூடியிருக்கும் தோட்ட வீடுகள் கூட அப்போது திறக்கும். ஆனால் அது புயல் மாதம்.

நிறையக் கோட்டைகள் இருக்கின்றனவே. எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. ஒன்றை மட்டும் விடக் கூடாது. அது பாஸ்-தேர் நகரத்தில் இருக்கும் டெல்க்ரெஸ் கோட்டை.

கதை கொஞ்சம் நீளம். 1650-இல் தொடங்கிய கோட்டை. பிரெஞ்சுப் புரட்சியின் விளைவாக 1794-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. எட்டு வருடம் கழித்து நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவர முடிவு செய்து, ஜெனரல் ரிஷ்பான்ஸ் தலைமையில் படை அனுப்பினார். அதை எதிர்த்து நின்றவர் லூயி டெல்க்ரெஸ், பிரெஞ்சு ராணுவத்தின் கலப்பின அதிகாரி. 1802 மே 10 அன்று, "உலகம் முழுவதற்கும்" என்று தொடங்கும் ஓர் அறிக்கையை வெளியிட்டார். குற்றமற்றவர்களின் கடைசிக் கூக்குரல் என்று அதற்குத் தலைப்பு. இந்தக் கோட்டையில் முற்றுகையைத் தாங்கிப் பார்த்தார்கள். முடியாது என்றானதும் மே 22 இரவு பின்வாசல் வழியாக மலைக்கு வெளியேறினார்கள். மே 28 அன்று மத்தூபாவில், எதிரிப்படை நெருங்கிய நேரத்தில், வெடிமருந்துக்குத் தாங்களே தீ வைத்துக்கொண்டார்கள். டெல்க்ரெஸுடன் சுமார் 300 பேர்.

வென்ற ரிஷ்பான்ஸ் அதே வருடம் செப்டம்பரில் மஞ்சள் காய்ச்சலில் செத்தார். கோட்டைக்குள் புதைத்தார்கள், கோட்டைக்கே அவர் பெயரையும் வைத்தார்கள். அடிமைச் சங்கிலியைத் திரும்பக் கொண்டுவந்தவரின் பெயரில், அடிமைகளின் பேரப்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அந்த இடத்தைச் சொல்லி வந்தார்கள். 1989-இல்தான் அது டெல்க்ரெஸ் கோட்டை ஆனது.

ஆனால் கல்லறையை எடுக்கவில்லை. இன்றும் உள்ளே இருக்கிறது. டெல்க்ரெஸுக்கு எழுப்பிய நினைவிடமும் அதே கோட்டை வளாகத்தில். இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். பெயரை மாற்றியவர்கள் ஏன் எலும்பை விட்டுவைத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே கோட்டைச் சுவர் மேல் ஒரு சுற்று வந்தேன். கீழே கடல், பின்னால் மேகம் மூடிய எரிமலை. என்னைக் கேட்டால் விட்டுவைத்ததுதான் சரி. பாரிஸில் ரிஷ்பான்ஸ் பெயரில் இருந்த தெருவுக்கு 2000-களின் தொடக்கத்தில் செவாலியே த சேன்-ஜார்ஜ் பெயரை வைத்தார்கள். குவாதலூப்பில் ஓர் அடிமைத் தாய்க்குப் பிறந்து, பாரிஸில் வாள்வீரராகவும் இசையமைப்பாளராகவும் புகழ்பெற்றவர் அவர்.

மற்ற இரண்டு கோட்டைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோஸியேயில் இருக்கும் ஃப்ளேர் தெப்பே, புவாண்ட்-ஆ-பித்ருக்குப் பக்கம். 1794-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறிப் பிடித்த இடம். மாலை வெயிலில் ஒரு மணி நேரம் போதும். லே சேன்த் தீவுக்கூட்டத்தில் உள்ள நெப்போலியன் கோட்டையில் சண்டையே நடந்ததில்லை. ஆனால் உள்ளே நல்ல சிறிய அருங்காட்சியகமும், அதைச் சுற்றிக் கள்ளித் தோட்டமும் உண்டு. காலை வேளையில் மட்டும்தான் திறந்திருக்கும், படகை அதற்கேற்றாற்போல் பிடியுங்கள்.

சோலித்யூட் என்று ஒரு பெண்ணின் சிலை பார்த்தேன். யார் அவர்?

1802 கிளர்ச்சியில் பிடிபட்டவர். கர்ப்பிணியாக இருந்ததால் தூக்கை ஒத்தி வைத்தார்கள். பிள்ளை பிறந்த மறுநாள், நவம்பர் 29 அன்று, நிறைவேற்றினார்கள். பிறந்த பிள்ளை தோட்ட முதலாளியின் சொத்து, அதை இழக்கக் கூடாது என்ற கணக்கு. அபீம் ஊரில் "மாவீரர் சாலை" என்ற பெரிய சாலை வழியாகப் போகும்போது இடுப்பில் கை வைத்து நிற்கும் சிலை தெரியும். வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டு போங்கள், போக்குவரத்து கடுமை.

கொலம்பஸ் வருவதற்கு முன் இருந்தவர்களின் தடயம் எங்கே?

கொலம்பஸ் 1493 நவம்பரில் வந்து, ஸ்பெயினில் உள்ள குவாதலூப்பே மாதா கோயிலின் பெயரைத் தீவுக்கு வைத்தார். அதற்கு முன் இங்கிருந்த மக்கள் சொன்ன பெயர் கருக்கேரா. "அழகிய நீர்கள் உள்ள தீவு" என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். கடைப் பலகைகளில் இன்றும் அந்தப் பெயர் நிறைய இருக்கும், அந்த மக்கள்தான் இல்லை.

த்ருவா-ரிவியேரில் செதுக்குப் பாறைப் பூங்கா இருக்கிறது. எரிமலை உருட்டிவிட்ட பெரிய கற்களில் முகங்கள். இரண்டு வட்டம் கண், ஒரு வட்டம் வாய், சிலவற்றுக்குத் தலையில் கதிர்கள். சுமார் ஆயிரத்து ஐந்நூறு வருடம் பழமையானவை. நடுப்பகல் வெயிலில் போனால் ஒன்றும் தெரியாது. சாய்ந்த வெளிச்சம் வேண்டும், அப்போதுதான் கோட்டில் நிழல் விழும். பாசி படிந்திருக்கும், ஆனால் விரலை வைத்துத் தேய்த்துப் பார்க்காதீர்கள். லெ மூல் ஊரில் எட்கார் கிளேர்க் தொல்லியல் அருங்காட்சியகம் உண்டு. இந்த மக்கள் செய்த மண்பாண்டமும் கல் ஆயுதமும் அங்கே.

தமிழர்கள் இங்கே எப்படி வந்தார்கள்?

1848-இல் அடிமை முறை இரண்டாம் முறையாக, நிரந்தரமாக ஒழிந்தது. குவாதலூப்பில் மட்டும் சுமார் 87,000 பேர் விடுதலை ஆனார்கள். விடுதலையானவர்கள் அதே கரும்புத் தோட்டத்தில் அதே முதலாளியிடம் வேலை செய்ய விரும்பாதது ஆச்சரியமில்லை. தோட்ட முதலாளிகள் கூலிக்கு வேறு ஆள் தேடினார்கள். பிரான்சிடம் பாண்டிச்சேரியும் காரைக்காலும் இருந்தன.

1854 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், ஒரேலி என்ற கப்பல் புவாண்ட்-ஆ-பித்ருக்கு வந்தது. முதல் இந்தியர்கள் அதில்தான் வந்தார்கள். 1889 வரை சுமார் 42,000 பேர். 1861-இல் இங்கிலாந்துடன் ஒப்பந்தம் போட்ட பிறகு ஆங்கிலேய இந்தியாவிலும் ஆள் எடுத்தார்கள், கல்கத்தாவிலிருந்தும் கப்பல் வந்தது. ஆனாலும் தமிழ் பேசியவர்கள்தான் பெரும் பங்கு. ஒப்பந்தம் ஐந்து வருடம், முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்று காகிதத்தில் இருந்தது. பலருக்கு அது காகிதத்தோடு நின்றுவிட்டது. வந்த இடத்தில் நோயிலும் வேலையிலும் செத்தவர்கள் ஏராளம்.

இங்கே பிறந்த பிள்ளைகள் எந்த நாட்டவர் என்பதே வழக்கு ஆனது. பிரெஞ்சு மண்ணில் பிறந்தும் ஓட்டு இல்லை. கபெஸ்தேரில் 1863-இல் பிறந்த ஆன்ரி சிதாம்பரோம் 1904-இல் அந்த வழக்கைத் தொடங்கி, 1923 வரை விடாமல் நடத்தி, இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் வாங்கிக் கொடுத்தார். பத்தொன்பது வருடம்! அவருடைய குடும்பப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சிதம்பரம்தான். பதிவு செய்த பிரெஞ்சுக் குமாஸ்தாவின் காதில் விழுந்தது அப்படி. ராமசாமி, முத்துசாமி, வீரசாமி எல்லாம் இதே மாதிரி லேசாக நெளிந்து தபால் பெட்டிகளில் இருக்கின்றன. தாத்தாவின் சொந்தப் பெயர் பேரனுக்குக் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது.

அந்தத் தடயங்களைப் பார்க்க எங்கே போக வேண்டும்?

இதற்கென்று பெரிய அருங்காட்சியகத்தைத் தேடாதீர்கள். கபெஸ்தேர்-பெல்-ஓ ஊருக்குப் போங்கள். நெடுஞ்சாலையை ஒட்டி ஷாஞ்சி என்ற இடத்தில் மாரியம்மன் கோயில். வண்ணச் சுதைச் சிற்பங்கள் சாலையிலிருந்தே தெரியும். சுற்றிலும் வாழைத் தோட்டம். சட்டென்று பார்த்தால் கும்பகோணம் பக்கம் எங்கோ இருப்பது போல ஒரு நொடி தோன்றும், அடுத்த நொடி ஒரு பிரெஞ்சுச் சாலைப் பலகை கண்ணில் படும்.

அம்மனை மலியேமின் என்கிறார்கள். மதுரை வீரன் மல்தெவிலன் ஆகிவிட்டார். பூசாரி பூசாரிதான், உச்சரிப்பு மட்டும் வேறு. மத்தளம் "மத்தலோன்", நாடகம் "நத்ரோன்". சில கோயில்களில் கொடிக்கம்பம் ஒன்று நட்டு, நாகூர் மீரானையும் கும்பிடுகிறார்கள், அவர் பெயரும் திரிந்துதான் இருக்கிறது. காரைக்காலில் கப்பல் ஏறுகிறவன் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நாகூர் ஆண்டவரிடம், கடலில் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டுதானே ஏறியிருப்பான்? கரை சேர்ந்தவர்கள் அந்தக் கடனை மறக்கவில்லை. இந்து, முஸ்லிம் என்று இங்கே நாம் பிரித்துப் பேசுவது அந்தக் கொடிக்குத் தெரியாது.

கோயிலுக்குள் போகலாமா? தமிழில் பேசினால் புரியுமா?

போகலாம். செருப்பைக் கழற்றுங்கள், ஆள் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள். போட்டோவும் கேட்டுத்தான். எல்லாக் கோயிலும் எப்போதும் திறந்திருக்காது. பல கோயில்கள் குடும்பத்துக்குச் சொந்தமானவை, நேர்த்திக்கடன் இருந்தால்தான் பூசை. சில பூசைகளில் கிடா வெட்டு உண்டு, பார்க்கப் பிடிக்காதவர்கள் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பேச்சுத் தமிழ் போய்விட்டது. மிஞ்சியிருப்பது பாட்டும் மந்திரமும். தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டு மனப்பாடம் செய்தவை. ஒரு பெரியவர் எனக்காக நாலு வரி பாடிக் காட்டினார். மூன்றாவது வரியில் "தாயே" என்ற ஒரு சொல் மட்டும் தெளிவாக விழுந்தது. மற்றதற்கு என்ன பொருள் என்று அவர் என்னைக் கேட்டார், எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம். நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்று தெரிந்தால் இப்படி யாராவது கேட்பார்கள். உச்சரிப்பைத் திருத்தக் கிளம்பிவிடாதீர்கள்.

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி கப்பலேறிப் போனதாகச் சொல்வார்கள். தேட முடியுமா?

முடியலாம். மாவட்ட ஆவணக் காப்பகம் பாஸ்-தேருக்குப் பக்கத்தில் கூர்பேரில் இருக்கிறது. பிரான்சின் கடல் கடந்த பகுதிகளுக்கான ஆவணக் காப்பகம் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில். பழைய குடியேற்ற நாடுகளின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளை இந்த இரண்டாவது காப்பகம் இணையத்தில் போட்டிருக்கிறது. வீட்டிலிருந்தே பார்க்கலாம், காசு கிடையாது.

கையில் ஊர்ப் பெயரும் தகப்பன் பெயரும் உத்தேசமான வருடமும் இருக்க வேண்டும். வெறும் "ராமசாமி" என்று தேடினால் கடலில் பெருங்காயம் கரைத்த கதைதான். எழுத்துக்கூட்டலை நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள். நம் சின்னப்பன் அங்கே எப்படி ஆகியிருப்பான் என்று பிரெஞ்சுக்காரர் வாயில் போட்டுச் சொல்லிப் பார்த்தால் வழி தெரியும்.

புவாண்ட்-ஆ-பித்ர் நகருக்குள் வேறு என்ன பார்க்கலாம்?

1843 பிப்ரவரி 8 அன்று நிலநடுக்கத்தில் நகரம் தரைமட்டமானது. அதன் பிறகு கட்டியதுதான் இப்போது பார்ப்பது. சேன்-பியேர்-சேன்-போல் தேவாலயத்துக்குள் அண்ணாந்து பாருங்கள், இரும்புச் சட்டங்கள் தெரியும். அடுத்த நடுக்கத்துக்குப் பயந்து வைத்தவை. 1887-இல் திறந்த ஷோல்ஷேர் அருங்காட்சியகத்தின் இளஞ்சிவப்பு முகப்பைப் பார்ப்பதற்கே போகலாம். 1848 ஒழிப்பு ஆணைக்குக் காரணமான விக்தோர் ஷோல்ஷேர் தன் சொந்தச் சேகரிப்பை இந்தத் தீவுக்குக் கொடுத்தார். 1960-இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் சேன்-ஜான் பெர்ஸ் இந்த நகரில் பிறந்தவர். இயற்பெயர் அலெக்சி லெஜே. அவர் பெயரிலும் ஒரு அருங்காட்சியகம் உண்டு, இரும்புத் தூண்கள் வைத்த அழகான பழைய வீடு.

கல்லறைத் தோட்டத்தையும் பார்க்கச் சொல்கிறார்களே?

மோர்ன்-ஆ-லோ. குன்றுச் சரிவில் படிப்படியாக, வீடு மாதிரிக் கட்டிய கல்லறைகள், எல்லாம் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஓடு பதித்தவை. தூரத்திலிருந்து பார்த்தால் சதுரங்கப் பலகையை மடித்து வைத்த மாதிரி. நவம்பர் 1 மாலை குடும்பம் குடும்பமாக வந்து, கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சரிவு முழுக்க வெளிச்சம். சத்தமான துக்கம் எதுவும் இல்லை, பேச்சும் சிரிப்பும்தான். மற்ற நாளில் போனால் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், நிழலே இல்லை. ஓட்டின் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுப்பவர்களையும் பார்த்தேன். அது யாரோ ஒருவர் வீட்டு அப்பத்தாவின் தலைமாடு.

ரம் ஆலைகள் பாரம்பரிய இடங்களில் சேருமா? குடிக்காதவர்கள் போகலாமா?

சேரும், போகலாம். லெ மூலில் தமோஸோ ஆலையில் பழைய காற்றாலைக் கோபுரம் நிற்கிறது. கரும்பு வெட்டும் காலத்தில், அதாவது ஆண்டின் முற்பாதியில் போனால்தான் ஆலை ஓடுவதைப் பார்க்கலாம். இங்கே ரம்மை வெல்லப்பாகிலிருந்து இல்லாமல் நேராகக் கரும்புச் சாற்றிலிருந்து காய்ச்சுகிறார்கள். புளித்த சாற்றின் வாசனை வெளியிலேயே வரும், கிராமத்தில் வெல்லம் காய்ச்சும் கொட்டகை பார்த்தவர்களுக்கு அது புதிதாக இருக்காது. நேரம் இருந்தால் படகில் மரி-கலாந்த் தீவுக்குப் போய் முரா தோட்டத்தையும் பாருங்கள். முதலாளி வீடு, காற்றாலை, ஆலையின் இடிபாடு எல்லாம் ஒரே புல்வெளியில்.

சாப்பாடு? சைவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

கஷ்டம்தான். காய்கறி என்று நம்பி வாங்கும் பொரித்த உருண்டைக்குள்ளும் கருவாடு இருக்கும். "கொலம்போ" என்ற குழம்பு தீவின் சொந்தச் சமையல் மாதிரி ஆகிவிட்டது. மல்லி, மஞ்சள், வெந்தயம், கடுகு அரைத்த பொடி போட்டு ஆட்டுக்கறியிலோ கோழியிலோ செய்வது. கொழும்பு நகரத்தின் பெயர் என்பார்கள் சிலர், குழம்பு என்ற சொல்லே திரிந்தது என்பார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. காய்கறி கொலம்போ சில இடங்களில் கேட்டால் செய்து தருவார்கள். நம் ஊர்க் காரத்தை எதிர்பார்க்காதீர்கள், மிளகாயைத் தனியாக வைப்பார்கள்.

நினைவுக்கு என்ன வாங்கி வரலாம்?

சந்தையில் கட்டம் போட்ட துணி தொங்கும், அதை "மத்ராஸ்" என்றுதான் கேட்க வேண்டும். பெண்கள் தலைக்கட்டாகக் கட்டும் அந்தத் துணி கூலிக் கப்பல்களில் வந்ததில்லை, அதற்கு முன்பே சென்னைப் பக்கத்திலிருந்து வணிகத்தில் போனது. இன்று அது குவாதலூப் பெண்களின் பாரம்பரிய உடை. துணி வாங்குவதானால் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். நூல் சாயம் போட்டு நெய்தது என்றால் இரண்டு பக்கமும் ஒரே நிறம் இருக்கும். மேலே அச்சடித்தது என்றால் பின்பக்கம் வெளிறியிருக்கும், சுற்றுலாக்காரர்களுக்கு விற்பதில் அதுதான் அதிகம். கடைக்கார அம்மா நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். சென்னை என்றேன், புரியவில்லை. மத்ராஸ் என்றதும் துணியைக் கையில் எடுத்து, "இதுவா?" என்றார்.